11 எழுத்து, 67 பைட்: ராமநாதபுரம் கரையில் ஐந்து நாள்

முதல் நாள், திங்கள். வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை

விடிவதற்கு முன்பே மதுரையிலிருந்து கிளம்பிவிட்டோம். நானும் நண்பரும், ஒரு பைக், முதுகில் ஒரு பை. பைக்குள் உள்ளங்கையில் அடங்கும் ரேடியோக்கள் நான்கு, நண்பரின் ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) வாக்கி டாக்கி ஒன்று, பவர் பேங்க் மூன்று. செல்போன் டவர் இல்லாத இடத்தில் ஒரு கைக்கருவியிலிருந்து இன்னொரு கைக்கருவிக்கு எழுத்தாக ஒரு செய்தி போய்ச் சேருமா, எவ்வளவு தூரம் போகும், அது இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு உதவுமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

இந்த ஆசை எனக்கு வந்தது 2018 நவம்பரில். 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. என் அக்கா குடும்பம் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தது. நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. போன் அடித்தால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற அதே குரல். ஐந்தாம் நாள் லாரி ஓட்டுநர் ஒருவர் வாங்கி வந்த துண்டுச் சீட்டில் ‘எல்லோரும் நலம்’ என்று இருந்தது. இரண்டே வார்த்தை. அதற்காக நான்கு நாள் தூங்காமல் இருந்தோம். அன்றிலிருந்து, அந்த இரண்டு வார்த்தையைக் கொண்டுபோக என்ன வழி என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நண்பர் முறையாகத் தேர்வெழுதி உரிமம் வாங்கிய ஹாம். அவருடைய வாக்கி டாக்கி பேச மட்டுமல்ல, எழுத்தும் அனுப்பும். ஏபிஆர்எஸ் என்று அதற்குப் பெயர். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் இருந்த பாப் ப்ரூனிங்கா உருவாக்கியது. எழுத்துகளை 1200, 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஓசைகளாக மாற்றி, கரகரவென்று அரை வினாடியில் அனுப்பிவிடும். ஒரு செய்திக்கு 67 எழுத்து. கிடைத்ததும் எதிர்முனைக் கருவி தானே ‘கிடைத்தது’ என்று பதில் போடும். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது ஹாம் ஒலிபரப்புக்காக பாரதி பிரசாத் குழுவினர் தற்செயலாக போர்ட் பிளேரில் இருந்தார்கள். மற்ற தொடர்பெல்லாம் அறுந்த நேரத்தில் அவர்களுடைய ரேடியோ அந்தமானுக்கும் வெளியுலகுக்கும் பாலமாக இருந்ததை நண்பர் எப்போது சொன்னாலும் குரல் மாறும். ஆனால் ஹாம் ரேடியோவை உரிமம் இல்லாதவர் தனியாக இயக்கக் கூடாது, தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, மற்றவர் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்பக் கூடாது. மீன்பிடிக்கப் போகிறவருக்கு அதைக் கையில் கொடுக்க வழியில்லை.

அதனால்தான் மற்ற நான்கு கருவிகள். இவை குறைந்த சக்தியில் நெடுந்தூரம் போகும் லோரா என்ற ரேடியோ முறையில் பேசுபவை. மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருள் இவற்றுக்குள் ஓடுகிறது. 2020-ல் கெவின் ஹெஸ்டர் என்பவர் தொடங்கியது. நான் வாங்கியவை ஒவ்வொன்றும் 3,000 ரூபாயை ஒட்டி வந்தன. போனை ப்ளூடூத்தில் இதோடு இணைத்துக்கொண்டு போனிலேயே எழுதலாம். ஒன்றில் மட்டும் விசைப்பலகையும் திரையும் சேர்ந்தே இருக்கின்றன, போன் வேண்டாம். சிம் எதற்குமே இல்லை. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அனுப்பும் சக்தி 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, அலையின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. இந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. மென்பொருள் வரும்போது ‘லாங் ஃபாஸ்ட்’ என்ற அமைப்பில் இருக்கும், அதன் அகலம் 250. அதனால் நான்கையும் 125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ‘லாங் மாடரேட்’ அமைப்புக்கு மாற்றினேன். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், தூரம் கொஞ்சம் கூடும். கடற்கரையில் எனக்கு வேண்டியது தூரம்தான்.

வாலிநோக்கம் உப்பளத்துக்குப் பக்கத்தில் முதல் சோதனை. நண்பர் பைக்கில் போய்க்கொண்டே இருக்க, நான் வரப்பில் நின்று எண்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடப் போகவில்லை. வெயில் ஏறிவிட்டது. ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்தோம், பேட்டரியை மாற்றினோம். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் கையில் இருந்த கருவியை மட்டும் நான் மாற்ற மறந்திருக்கிறேன். அது இன்னும் பழைய அமைப்பில் இருந்தது. இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தாலும் அமைப்பு வேறு என்றால் ஒன்றுக்கொன்று செவிடுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வீட்டிலேயே எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பேசவிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரிசெய்த பிறகு உப்பளத்தின் மேல் 4 கிலோமீட்டர், நெஞ்சளவில் கையில் பிடித்தபடியே, எல்லாச் செய்தியும் போனது. அங்கிருந்து ஏர்வாடிக்கு வரும் வழியில் சீமைக்கருவேலங்காட்டுக்குள் நுழைந்தோம். 800 மீட்டரில் எல்லாம் நின்றுவிட்டது. அதே கருவி, அதே சக்தி. இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். நேர்ப்பார்வையில் போனால் நெடுந்தூரம் போகும், இலையும் முள்ளும் ஈரமும் குறுக்கே வந்தால் சோர்ந்துவிடும். ராமநாதபுரம் ஜில்லாவில் உப்பளமும் கருவேலமும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒரே காலையில் இரண்டு பாடமும் கிடைத்துவிட்டது.

இரவு கீழக்கரை. தூங்குவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும், இந்த ஊர் இனிப்பான தொதல் ஒரு துண்டு வாயில் கரைந்துகொண்டிருக்கிறது.

இரண்டாம் நாள், செவ்வாய். மண்டபம், பாம்பன்

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்றாலும், மெதுவாகவாவது போகாமல் இருக்க முடியாது. இடப்பக்கம் வடகடல், வலப்பக்கம் தென்கடல். வடகடல் குளம் மாதிரி, தென்கடல் நுரை தள்ளிக்கொண்டு. கீழே 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் தன் வேலையை முடித்துவிட்டு நின்றது. பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்புகிறது.

பாம்பனில் நண்பருக்குத் தெரிந்த நாட்டுப்படகுக்காரர் வீடு. அவரை நாங்கள் அண்ணன் என்றே கூப்பிடுகிறோம், அவர் மனைவியை அக்கா என்று. நண்டு வலை போடுகிற ஃபைபர் வள்ளம் அவருடையது. முதல் வேலையாகக் கருவிகளை எடுத்துக்கொண்டு கடலோரக் காவல் நிலையத்துக்குப் போனோம். எல்லைக் கடல் இது. என்ன கருவி, என்ன அலைவரிசை, யார் படகில் போகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். இந்தக் கரையில் இதை யாரும் தவிர்க்கக் கூடாது. சாட்டிலைட் போன் மாதிரியோ என்று சந்தேகம் வந்தால் சிரமப்படுவது படகுக்காரர்தான்.

மதியம் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அண்ணனிடம் விஹெச்எஃப் வயர்லெஸ் இருக்கிறது. “அதுல பேசலாமேண்ணே, இது எதுக்கு?” என்று நண்பரே கேட்டார்.

“பேசலாம் தம்பி. மோட்டார் ஓடுறப்ப என்ன கேக்கும்? திருப்பித் திருப்பிக் கத்தணும். அப்புறம் இன்னொண்ணு, நண்டு எங்க கெடக்குன்னு நான் மச்சானுக்குச் சொன்னா, இந்த வடகடல் பூராவும் கேக்கும். மறுநா அந்தப் பாட்டுல இருபது வள்ளம் நிக்கும்.” பாடு என்றால் வலை போடும் இடம்.

நான் இத்தனை மாதம் தூரத்தையும் சக்தியையும் மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். எழுத்து அப்படியே நிற்கும், மோட்டாரை நிறுத்திவிட்டு நிதானமாகப் படிக்கலாம் என்பதும், நம் குழுவுக்கென்று ஒரு சாவி வைத்துப் பூட்டினால் மற்றவர் படிக்க முடியாது என்பதும் அவருக்கு முதல் நிமிடத்திலேயே பட்டுவிட்டது.

அக்காவுக்கு வேறு கவலை. “இவுக பன்னெண்டு மணிக்கு வர்றேன்னு போவாக. நண்டு நெறைய விழுந்தா மூணு மணியாகும். நான் பன்னெண்டுல இருந்து கரையில நிப்பேன். ‘லேட்டாகும்’னு ஒரு சொல்லு வந்தா எனக்குப் போதும்.”

அப்புறம் தமிழில் எழுதிப் பார்த்தோம். இங்கேதான் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. இந்தக் கருவியில் ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழுக்கு அப்படி இல்லை. யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘கா’ என்பது நமக்கு ஒரே எழுத்து. கணினிக்கு அது ககரம் ஒன்று, கால் ஒன்று, ஆக 6 பைட். புள்ளி வைத்த எழுத்துக்கும் 6. அண்ணனின் அப்பா, எழுபதைத் தாண்டியவர், “எழுதுங்க: காற்று மாறுது, கரைக்கு வா” என்றார். எண்ணிப் பார்த்தேன். 11 எழுத்து, 67 பைட். இப்படி மூன்று வரி எழுதினால் இடம் தீர்ந்துவிடும். ‘நலம்’ 12 பைட். ‘சரி’ 9 பைட். ‘லாங் மாடரேட்’ வேகம் வினாடிக்கு 340 பிட்டை ஒட்டியது (8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்). இடத்தை முழுவதும் நிரப்பினால் ஒரே செய்தி ஐந்து வினாடிக்கு மேல் வானத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், விசைப்பலகை உள்ள கருவியின் சின்னத் திரையில் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழில் அனுப்பினால் போனில் அழகாக வருகிறது, அந்தத் திரையில் கேள்விக்குறி வரிசையாக வருகிறது. வள்ளத்திலோ ஈரக் கையால் போன் திரையைத் தொட்டு எழுத முடியாது, விசைதான் வசதி.

பெரியவர்தான் வழி சொன்னார். “அந்தக் காலத்துல கல்யாணத்துக்குத் தந்தி குடுப்போம்ல. நம்பர் சொன்னாப் போதும், வாழ்த்து போய்ச் சேரும்.” உண்மைதான். வாழ்த்துத் தந்தியில் ஒவ்வொரு வாசகத்துக்கும் ஓர் எண் இருந்தது. 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனதோடு அந்த எண்களும் போய்விட்டன. குடும்பம் முழுக்க உட்கார்ந்து ஒன்பது வாசகம் எழுதினார்கள். ஒன்று, நலம். இரண்டு, வர நேரமாகும். மூன்று, மோட்டார் நின்னுபோச்சு. நான்கு, பெரியவர் சொன்ன அந்த வரி. ஐந்து, ஐஸ் வேணும். எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். ‘சாப்பிட்டியா’ வேண்டும் என்று சின்ன மகள் பிடிவாதம் பிடித்தாள், ஏழாவதாக அது சேர்ந்தது. தாளில் எழுதி, தெருமுனைக் கடையில் லேமினேட் செய்து கருவி வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் ஒட்டிவிட்டோம். 67 பைட் செய்தி இப்போது ‘4’ என்ற ஒரே பைட்.

ஆனாலும் கரையில் இருக்கும் போனில் தமிழிலேயே எழுதுவேன் என்று அக்கா சொல்லிவிட்டார். “நம்பரப் பாத்தா அவுக சொன்ன மாதிரி இல்ல.” சரி என்று அண்ணனிடமும் ஒரு போனை நீர் புகாத உறையில் போட்டுக் கொடுத்தோம்.

இரவு மாடியில் நண்பரின் வாக்கி டாக்கி. சர்வதேச விண்வெளி நிலையம் கடந்து போகும் நேரம் பார்த்து, 145.825 மெகாஹெர்ட்ஸில் ஒரு சின்னச் செய்தியை அனுப்பினார். அங்கே இருக்கும் ஹாம் கருவி, வந்ததை வாங்கித் திருப்பிக் கீழே அனுப்பும். 400 கிலோமீட்டர் உயரத்தில் அந்த வெளிச்சப் புள்ளி நகர்ந்துகொண்டிருக்கும்போதே அவருடைய அழைப்புக்குறி திரையில் திரும்பி வந்தது. கையில் இருப்பது 5 வாட். குறுக்கே மரமும் இல்லை, பூமியின் வளைவும் இல்லை. சின்ன மகள் அதற்கப்புறம் அரை மணி நேரம் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள், புதன். தனுஷ்கோடி

ராமேஸ்வரத்துக்குள் நுழையும்போதே அந்த டிவி கோபுரம் தெரிகிறது, 323 மீட்டர். ஒரு ரேடியோக்காரனுக்கு அதைப் பார்த்தால் மனசு கணக்குப் போடாமல் இருக்காது. இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால், ரேடியோ அலைக்குத் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். இரண்டு பேர் தலைக்கு மேல், 2 மீட்டரில் பிடித்தால் 11.7 கிலோமீட்டர். அந்தக் கோபுர உச்சியில் ஒரு லோரா கருவி இருந்தால், வள்ளத்தில் 2 மீட்டரில் இருப்பவருக்கு 80 கிலோமீட்டர் வரை கணக்கு வருகிறது. ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்து நாட்டுப்படகுகள் பெரும்பாலும் விடுபடாது. இப்படி ஒரு கருவியை அங்கே வைக்க யாராவது முன்வர வேண்டும் என்பது என் மனமார்ந்த ஆசை.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 9.5 கிலோமீட்டர் சாலை. 2017-ல் திறந்தது. அதற்கு முன்னால் மணலில் வேனில் குலுங்கித்தான் போக வேண்டும். நண்பர் சத்திரத்தில் நின்றார், நான் பஸ்ஸில் முனைக்குப் போனேன். ராமேஸ்வரம் விடுதி மொட்டைமாடியில் மூன்றாவது கருவி, அங்கே அண்ணனின் மச்சான். கணக்குப்படி 9.5 போக வேண்டும். முனையில் தடுப்புச்சுவர் ஓரம் நின்று கையில் பிடித்து அனுப்பினேன், போகவில்லை. வெறும் பார்வைக்கோடு மட்டும் போதாது. அலைக்கு நடுவழியில் தடியான ஓர் இடைவெளி வேண்டும், பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் சுமார் 60 மீட்டர் அகலம் வரும். கடல்மட்டத்தில் நின்றால் அதில் பாதியைத் தரையே தின்றுவிடுகிறது. சங்கு விற்கும் அண்ணாச்சியிடம் ஒரு மூங்கில் கடன் வாங்கி, உச்சியில் கட்டித் தூக்கினேன். நண்பரும் அங்கே தூக்கினார். அடுத்த நிமிடமே ‘கிடைச்சது’ என்று வந்தது. அதற்கும் அடுத்து ராமேஸ்வரம் மாடியிலிருந்து மச்சானின் வரி: ‘டீ குடிச்சீகளா’. எனக்கு அவர் கருவி நேராகக் கேட்கவே கேட்காது. நடுவில் நண்பர் கையில் இருந்த கருவி, அவர் எதுவும் செய்யாமலே, வாங்கி மறுபடி அனுப்பியிருக்கிறது. கருவியிலிருந்து கருவிக்குத் தாவித் தாவி வருவதுதான் இதன் உயிர். மென்பொருள் வரும்போதே இருக்கும் அமைப்பில் மூன்று தாவல், கூட்டினால் ஏழு வரை.

என் போனில் அந்த நேரம் இலங்கை டவர் தெரிந்தது. முனையில் நிற்கிறவர்களுக்கு இது பழக்கம். தலைமன்னார் இங்கிருந்து 30 கிலோமீட்டரை ஒட்டித்தான். நம் டவர் வந்து வந்து போகிறது.

திரும்பும்போது இடிந்த தேவாலயத்தருகே இறங்கினேன். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் இங்கே வந்து சேரவில்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடல் அதை எடுத்துக்கொண்டது. ஊரே அழிந்தது. தந்திக் கம்பிகள் எல்லாம் சாய்ந்துபோன அந்த இரவில், இங்கே என்ன நடக்கிறது என்று ராமேஸ்வரத்துக்குச் சொல்ல ஒருவராலும் முடிந்திருக்காது. பவளக்கல் சுவரில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். இருட்டுவதற்குள் வெளியேற வேண்டும் என்பதால் கிளம்பிவிட்டேன்.

நான்காம் நாள், வியாழன். வடகடல்

வடகடலில் ராமேஸ்வரம் விசைப்படகுகள் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. அதிகாலை மூன்று மணிக்கு அண்ணனும் இரண்டு பேரும் வள்ளத்தைத் தள்ளினார்கள். கருவி டப்பாவுக்குள், ஆன்டெனா மட்டும் கொடிக்கம்பின் உச்சியில், 4 மீட்டரை ஒட்டி. மச்சானின் வள்ளத்தில் இன்னொன்று. வீட்டு மொட்டைமாடியில் மூங்கிலில் கட்டியது கடல்மட்டத்திலிருந்து 9 மீட்டர் இருக்கும். கணக்குப்படி 20 கிலோமீட்டர்.

கிளம்பும் முன் அண்ணனிடம் மறுபடியும் சொன்னேன்: ஆபத்து என்றால் முதலில் இது கிடையாது. வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல், இல்லாவிட்டால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093. இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி இருந்தால் அதன் பொத்தான். அவர் தலையாட்டினார். “இது வீட்டுக்குப் பேசறதுக்கு. அதானே தம்பி?” அதுதான்.

நாங்கள் கரையில் இருந்தோம். அக்கா, சின்ன மகள், பெரியவர், நாங்கள் இருவர். நான்கரைக்கு முதல் ‘1’. அக்கா பட்டியலைப் பார்க்காமலே “நலம்” என்றார். ஐந்தே காலுக்கு இன்னொரு ‘1’. அப்புறம் எதுவும் இல்லை.

ஆறு, ஆறரை, ஏழு. அக்கா எழுதிய ‘எங்க இருக்கீக’ மூன்று முறை முயன்று, கிடைக்கவில்லை என்ற குறியோடு நின்றுவிட்டது. கடைசியாக வந்த இடம் 14 கிலோமீட்டர் என்று காட்டியது. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கற்றது அதிகம். முன்பு எப்போதும் மதியம்வரை செய்தியே இல்லாமல் இருந்து பழகியவர் அக்கா. இன்று காலை இரண்டு ‘நலம்’ வந்துவிட்டு மூன்றாவது வராததால், அவர் மற்ற நாளைவிட அதிகமாகத் தவித்தார். மாடிக்கும் கீழுக்குமாக நடந்தார். தொடர்பைக் கொடுத்துவிட்டு இடையில் அறுத்தால், கொடுக்காமல் இருந்ததைவிட அது கொடுமை. இதை நான் எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்கவில்லை. என் தவறுதான். ‘இந்தத் தூரத்துக்கு மேல் செய்தி வராது, பயப்பட வேண்டாம்’ என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அக்காவிடம் அப்போது சொன்னேன். “சொல்லிருக்கலாம் தம்பி” என்று மட்டும் சொன்னார்.

ஏழே முக்காலுக்கு ஒரு சத்தம். ‘2’. வர நேரமாகும். செய்தி நேராக வரவில்லை, ஒரு தாவல் தாண்டி வந்ததாகக் காட்டியது. மச்சானின் வள்ளம் இரண்டுக்கும் நடுவே வந்திருக்கிறது. தொடர்ந்து போனில் எழுதிய தமிழ் வரி ஒன்று: ‘நண்டு நல்லா விழுது 2 மணி ஆகும்’. அக்கா அதைப் பெரியவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, வியாபாரிக்குப் போன் போட்டு ஐஸ் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு அவர் கரைக்குப் போகவில்லை. அடுப்படியில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்.

பத்தரைக்குப் பெரியவர் மாடியேறி மேற்கே பார்த்தார். “கச்சான் எறங்குது. நாலப் போடு.” கச்சான் என்றால் மேற்குக் காற்று. அக்கா ‘4’ போடவில்லை. உட்கார்ந்து முழுதாக எழுதினார்: ‘காற்று மாறுது, கரைக்கு வா’. 67 பைட்டும் போனது. திரையில் ‘சேர்ந்தது’ என்ற குறி வந்ததும் எனக்கு நிம்மதி. அக்காவுக்கு இல்லை.

“இது யாரு சொல்றா, அவுகளா, மிசினா?”

கருவிதான். வள்ளத்தில் இருக்கும் கருவி வாங்கியது என்பதற்குத்தான் அந்தக் குறி. அண்ணன் படித்தாரா என்பது அதற்குத் தெரியாது. குழு முழுவதற்கும் பொதுவாக அனுப்பினால் இன்னும் மோசம், யாரோ ஒரு கருவி கேட்டு மறுபடி அனுப்பினாலே குறி விழுந்துவிடும். “அப்ப படிச்சவுக கையாலதான் பதில் போடணும். ‘சரி’ன்னு எழுதச் சொல்லுங்க. நம்பரு வேணாம்” என்றார் அக்கா. இத்தனை வருடம் இந்தக் குறிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்படி ஒரு விதி எனக்குத் தோன்றியதில்லை.

எட்டு நிமிடம் கழித்து அண்ணனின் வரி: ‘வலை ஏத்துறோம் வர்றோம்’.

ஒன்றரைக்கு வள்ளம் கரை தட்டியது. நண்டுக் கூடை இரண்டு நிறைந்திருந்தது. டப்பாவின் மூடியில் உப்பு பூத்திருந்தது, ஆன்டெனா திருகும் இடத்தில் லேசாகப் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரே நாளில். அந்த இடத்தில் வாஸலின் தடவி, ரப்பர் டேப் சுற்றினோம். தினமும் நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும் என்று சின்ன மகளிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

ஐந்தாம் நாள், வெள்ளி. திரும்புதல்

மூன்று கருவிகளைப் பாம்பனிலேயே விட்டுவிட்டோம். ஒன்று மாடியில், இரண்டு வள்ளங்களில். சாவியை நாங்களே பார்க்க முடியாதபடி மாற்றிக்கொள்ள அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பாடு அவருடையது, அவரிடமே இருக்கட்டும். என்னிடம் மிச்சம் இருக்கும் கருவி பழைய சாவியோடு இன்று மாலை வரைதான் பேசும். மண்டபத்தில் இருக்கும் ஒருவரிடம் நான்காவதாக ஒன்று நிரந்தரமாக வைக்கலாமா என்று நண்பர் பேசிக்கொண்டிருக்கிறார். வெயிலில் ஓடச் சின்ன சோலார் தகடு வேண்டும், அடுத்த முறை கொண்டுவருவோம்.

காலையில் பாலம் ஏறினோம். நண்பர் ஓட்ட, நான் பின்னால் கருவியைத் தூக்கிப் பிடித்திருந்தேன். பாலத்தின் மேலே வந்ததும் போனில் எழுதினேன்: ‘போயிட்டு வர்றோம் அக்கா’. சேர்ந்தது என்ற குறி உடனே விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மண்டபம் கடந்தோம். கருவேலங்காடு தொடங்குகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். இன்னும் கொஞ்ச தூரம் போனால் எதுவும் வராது.

நான்கு நிமிடம் நின்றோம்.

‘சரி’.

ஒன்பது பைட். நண்பர் வண்டியை எடுத்தார்.